நித்திரைக்கு மனோவசியம்: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நித்திரை குழம்பக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. காலி வீதியில் பஸ், கடற்கரைப் பக்கம் ரயில், நடுச்சாமத்தில் கனடாப் பிள்ளைகளின் வீடியோ அழைப்பு. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கு ஓடும் லொறிகள். ஆனால் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகும் சிலர் கண்ணை விழித்தபடி கிடக்கிறார்கள். வாரத்தில் 3 இரவுக்குக் குறையாமல் 3 மாதம் இப்படியே போனால் அதை நாட்பட்ட நித்திரையின்மை என்கிறது மருத்துவம். குளிசைக்குப் பயந்தவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் மனோவசியத்தை, அதாவது ஹிப்னோட்டிசத்தை, நாடுகிறார்கள்.

மனோவசியத்தால் சிலருக்கு நித்திரை கூடுவது உண்மைதான். 2014இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இளம் பெண்களுக்குப் பகல் நித்திரைக்கு முன் மனோவசிய ஒலிப்பதிவொன்றைக் கேட்கக் கொடுத்தார்கள். எளிதில் வசப்படும் இயல்புள்ளவர்களுக்கு ஆழ்ந்த நித்திரையின் அளவு சுமார் 80 வீதம் கூடியது. மற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. 2018இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பாதிக்குச் சற்று அதிகமானவற்றில் பலன் தெரிந்தது. அவற்றில் பல சிறிய ஆய்வுகள். ஆகவே "எல்லோருக்கும் பலிக்கும், உத்தரவாதம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அறைக்குள் நடப்பது சினிமாவில் காட்டுவது போன்றதல்ல. சாய்ந்து உட்காருகிறீர்கள், மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள், ஒரு குரல் மெதுவாகப் பேசுகிறது. உடல் தளர்கிறது, ஆனாலும் வெளியே முச்சக்கர வண்டி போவது காதில் விழும். அது நித்திரை அல்ல, நினைவு தப்புவதுமல்ல. "போதும்" என்று எந்த நேரமும் சொல்லலாம். வேலை செய்வது சொற்கள்தான் என்பதால், உங்களுக்குப் புழங்காத மொழியில் பேசினால் பயன் குறையும். தமிழில் செய்ய முடியுமா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நித்திரை ஏன் வரவில்லை? குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவருக்கு மனோவசியம் உதவாது. அவருக்குத் தேவை மூச்சுத்தடைக்கான பரிசோதனை. தைரொய்ட் கோளாறு, மனச்சோர்வு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் குடைச்சல், பின்னேரம் குடிக்கும் பிளேன்டீ என்று காரணங்கள் பல. ஆகவே முதலில் வைத்தியரிடம் போவதே முறை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது குளிசையையும் அல்ல, மனோவசியத்தையும் அல்ல. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை. தினமும் ஒரே நேரத்துக்கு எழும்புவது, நித்திரை வராவிட்டால் கட்டிலை விட்டு இறங்குவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது போன்ற பழக்கங்கள் அதில் பெரும் பங்கு.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். மனோவசியத்தில் நடக்காததொன்று நடந்த ஞாபகமாகப் பதிந்துவிடலாம். "சிறுவயதில் உங்களுக்கு என்னவோ நடந்திருக்கிறது, தோண்டிப் பார்ப்போம்" என்பவரிடம் நித்திரைக்காகப் போனவருக்கு என்ன வேலை? காதில் குரல் கேட்கும் மனநோய் உள்ளவர்கள் மனநல வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. குளோனசிபாம் போன்ற நித்திரைக் குளிசையை நெடுநாள் எடுத்தவர் "இனி வேண்டாம்" என்று ஒரே நாளில் விட்டால் வலிப்புகூட வரலாம். அதைக் குறைப்பது வைத்தியரின் கணக்குப்படி.

கொழும்பில் மனோவசியம் புதிதல்ல. பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978), பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை மனோவசியத்தால் குணப்படுத்தியதாக எழுதியவர். அற்புதசக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவரும் அவரே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலும் தாவரவியல் படிப்பித்தவர், வைத்தியர் அல்லர். அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் அவரே இன்று கதவைத் திறந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பதிவு எங்கே?

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவில்லாமல் பணத்துக்கு மருத்துவம் பார்ப்பது குற்றம். வைத்தியரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். சில நாள் பயிற்சிக்குக் கிடைத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்தால் அது பதிவாகாது. என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம் என்பதை முன்கூட்டியே அறிவது உங்கள் உரிமை. அக்காவோ கணவரோ கூட இருக்கட்டும் என்று கேட்கலாம். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். பத்து அமர்வுக்கு மொத்தமாகக் காசு கட்டாதீர்கள்.

பொய் வாக்குறுதியில் பணம் போனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. பதிவுள்ள வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு மருத்துவ சபைக்கு. தகாத விதத்தில் தொட்டால், பேசினால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். பொலிஸுக்குப் போங்கள். கண் மூடியிருந்ததால் சம்மதித்ததாக ஆகிவிடாது.

பணமில்லை என்று சும்மா இருக்கவும் வேண்டாம். அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக் இலவசம். மனநல ஆஸ்பத்திரியைக் குறிக்கும் "அங்கொடை" என்ற சொல்லை ஏச்சாகவே பழகிய எங்கள் ஊரில் அங்கே போக வெட்கப்படுவோர் உண்டு. வீட்டிலிருந்தே தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் நித்திரையின்மையோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே அழையுங்கள்.

மனோவசியத்துக்குத்தான் போவதென்றால், ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதிகார சபைக்கான முறைப்பாட்டைச் சேவை பெற்ற 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.