எல்லை மலைகளில் வழிகாட்டிக் கருவி

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், விடுமுறையில் தாமே வண்டியோட்டிக் குடும்பத்துடன் பாலக்காடு, இடுக்கி எல்லைகளைக் கடக்கின்றனர். அவர்களுக்குக் குறைந்த விலை ஜி.பி.எஸ். கருவி நல்ல துணையே. எனினும் அதன் இயல்பை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை அக்கருவி ஏற்கிறது. மூன்று கோள்களின் தூரத்தைக் கொண்டு நமது இடத்தைக் கணிக்கிறது. தன் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவதையும் நாடுகிறது. வரைபடம் கருவியிலேயே இருப்பதால், செல்பேசித் தொடர்பு அற்ற சரிவிலும் அது இயங்கும்.

பாலக்காட்டுக் கணவாயில் வானம் திறந்திருப்பதால் தொல்லையில்லை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளிலோ மலைச்சுவர் வானத்தின் ஒரு பாதியை மறைக்கிறது. அங்கே அம்புக்குறி ஒரு வளைவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடும்.

இதனினும் பெரிய இடர் வரைபடத்தில் உள்ளது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு சென்ற பழைய சாலை 1990-இல் மூடப்பட்டது. பழைய படத்தில் அக்கோடு இன்னும் இருக்கலாம். அதை நம்பினால் அந்தி வேளையில் குழந்தைகளுடன் காட்டில் நிற்க நேரிடும். பரம்பிக்குளமோ பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்குச் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியே தமிழ்நாட்டினூடேதான் செல்கிறது.

ஆகவே புறப்படுமுன் வரைபடத்தைப் புதுப்பிப்போம். இடைப்பட்ட ஊர்களை முன்னரே கருவியில் குறிப்போம். மலையேறுமுன் அடிவாரத் தேநீர்க் கடையில் சாலை நிலையை விசாரிப்போம்.