சாவி எங்கே சார்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு பழைய இரும்பு பீரோவைப் பேரம் பேசினேன். "பூட்டு கெட்டியா இருக்குமா?" என்றேன். "யானை முட்டினாலும் திறக்காது சார்!" என்றார் கடைக்காரர். சாவி? பீரோ கைப்பிடியிலேயே சணல் கயிற்றில் ஊசலாடிக்கொண்டிருந்தது!

சிரிக்காதீர்கள். சம்பளப் பட்டியலுக்கு பாஸ்வேர்டு போட்டு, அந்த பாஸ்வேர்டை அதே ஈமெயிலில் எழுதி அனுப்புகிற ஆபீஸ் ஆசாமிகள்தானே நாம்? (நானும்தான். பி.காம். படித்து என்ன பயன்?)

கம்ப்யூட்டரில் தூங்கும் தகவலைச் சங்கேதமாக மாற்றி வைப்பதுதான் என்க்ரிப்ஷன். திருடினால் கிடைப்பது வெறும் கிறுக்கல். ஆனால், சாவியும் பக்கத்திலேயே இருந்தால் போச்சு!

2013-ல் அமெரிக்காவின் அடோபி நிறுவனத்தில் கொள்ளை. பாஸ்வேர்டுகள் சங்கேதத்தில்தான் இருந்தன. ஆனால் அத்தனைக்கும் ஒரே சாவி. ஒரே பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கெல்லாம் ஒரே கிறுக்கல். கூடவே, அவரவர் எழுதிய ஞாபகக் குறிப்பு பூட்டே இல்லாமல்! சாவி கிடைக்காமலேயே ஊகித்துவிட்டார்கள். '123456' வைத்திருந்தவர்கள் மட்டும் சுமார் 19 லட்சம் பேர்!

நம் நாட்டில் 2017 ஜூலையில் ஆதார் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. ஆதார் எண்களைச் சேமிக்கும் நிறுவனங்கள், அவற்றைச் சங்கேதமாக்கித் தனிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். சாவி, அதற்கென்றே உள்ள வேறு கருவியில்.

இனி யாராவது 'உங்க தகவல் பத்திரம் சார்' என்றால், பூட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். சாவி எங்கே என்று கேளுங்கள்.

பீரோவை வாங்கிவிட்டேன். சாவியை மிகப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்தேன். மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்!