பக்கத்துக்கு ஒரு சீப்புச் சீடை!

ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக் கூடக் கழற்றாமல், “ஏண்டா, புஸ்தகத்தை எடுத்துப் படியேண்டா!” என்று மகனை அதட்டுகிற ரகமா நீங்கள்? அதட்டிவிட்டு நேரே செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பீர்களே, அதே ரகம்தானே? உட்காருங்க சார், உங்களோடுதான் பேசணும்.

அதட்டினால் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும். கதைப் புத்தகத்தைப் போர்வைக்குள் ஒளித்துவைத்துப் படிக்காது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது சமாசாரம்.

எங்கள் ஊர் இளையாத்தங்குடி. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இருக்கிற ஊர். போன கோடை லீவுக்கு என் ஆச்சி மகன் சென்னையிலிருந்து வந்தான். (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா. பாட்டி என்று நினைத்து என் வயசைக் கணக்குப் போடாதீர்கள்!) மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழில் ஒரு வரி எழுத்துக் கூட்டுவான். அடுத்த வரிக்குள் களைத்துவிடுவான். என் ஆத்தாவோ கடலை மடித்த காகிதத்தைக் கூடப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. சேர்த்து வைத்திருந்த பழைய தொடர்கதை பாதியில் நிற்கிறது. ராஜாவைப் பாதாளச் சிறையில் தள்ளிவிட்டார்கள். தப்பினாரா இல்லையா என்று தெரியாமல் ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் சும்மா இருந்த ஆள் பேரன் ஒருத்தன்தான்.

சம்பளம் பேசினார்கள். பக்கத்துக்கு ஒரு சீப்புச் சீடை. நான் பி.காம். ஆயிற்றே, கணக்கெழுதும் உத்தியோகம் எனக்கு. முதல் நாள் பையனின் வருமானம் அரைச் சீடை!

இரண்டாம் நாள், “அரசர் பல்லில் ஏறினார்” என்று வாசித்தான். நம்மில் பலர் ‘தப்பு, தப்பு’ என்று பாய்ந்திருப்போம். ஆத்தா பாயவில்லை. “யாரு பல்லுல ராசா ஏறுனாரு?” என்று அப்பாவியாகக் கேட்டாள். பையன் திரும்பக் குனிந்தான். “பல்... பல்லக்... ஆயா, பல்லக்கு!” இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆத்தாவின் கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கவனித்தீர்களா? ஆத்தா கேள்விதான் கேட்டாள். திருத்தியது அவன்.

நான்காம் நாள் சிறைக் கதவு திறக்கிற இடத்தில் ‘தொடரும்’. பையன் அடுத்த இதழைத் தேடிப் பரண் ஏறினான். சம்பளம் கேட்க மறந்துபோனான். என் கணக்கில் இன்றும் நாலு சீடை நிலுவை.

முன்பெல்லாம் போனில் “சாப்பிட்டியா?”, “சாப்பிட்டேன்” - இதற்கு மேல் ஆயாவுக்கும் பேரனுக்கும் பேச ஒன்றும் இருக்காது. இப்போது வாரா வாரம் ராஜா, மந்திரி, சதி என்று அரை மணி நேரம் ஓடுகிறது. ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

படிக்கப் புத்தகம்தான் வேண்டும் என்றும் இல்லை. பஸ் போர்டை முதலில் வாசிக்கிறவனுக்கு ஜன்னல் சீட் என்று பந்தயம் வையுங்கள். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதியிருப்பார்களே, அதையும் விடாதீர்கள்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இராயவரம். 1922-ல் அங்கே பிறந்த அழ. வள்ளியப்பா, பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற வழியில் கண்ட சினிமாக் கொட்டகை விளம்பரத்தை வைத்துத்தான் சின்ன வயசில் பாட்டுக் கட்டினார் என்பார்கள். பிற்பாடு ‘குழந்தைக் கவிஞர்’ என்று பேரெடுத்தவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? இந்தியன் வங்கி உத்தியோகம்! பகலில் பேரேடு, மிச்ச நேரத்தில் பாப்பாப் பாட்டு. நடுவில் 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் வேறு. ‘டயமே இல்லை சார்’ என்பவர்கள் இந்தப் பாராவை இன்னொரு தரம் படிக்கவும்.

அவர் பாட்டுக்களில் சொற்கள் சின்னது. ஓசை திரும்பத் திரும்ப வரும். முதலில் பாடிக் காட்டுங்கள். மனப்பாடமான பிறகு அதே பாட்டைப் புத்தகத்தில் விரலால் காட்டினால் பிள்ளை கடகடவென்று ‘வாசித்து’விடும். கொஞ்சம் மோசடிதான். நாலு தரம் நடந்தால் எழுத்து முகம் பழகிவிடும்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். போர்டு எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அச்சடித்ததையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-ல் அதை வைத்தே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. நாமாக இருந்தால் எடைக்குப் போட்டிருப்போம்!

ஆகவே கல்யாணப் பத்திரிகை வந்தால் பிள்ளையிடம் நீட்டி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மளிகை லிஸ்ட்டை வாசிக்கிறவர் தனக்கு வேண்டியது ஒன்றைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுங்கள். ஆச்சி வீட்டு லிஸ்ட்டில் ‘உளுந்து 1 கிலோ’வுக்குக் கீழே ‘சாகிலேட்’ முளைத்திருக்கிறது. எழுத்துப் பிழையோடு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது.

மொய் நோட்டை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். பெரிய மாமா எழுதியது நூற்றியொன்றுதான் என்று பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிடுவான்!