பத்தடிக் கழியும் மூணு பாயிண்ட் உயிரும்!

இந்த நிமிஷம் நீங்கள் ஒரு மந்திரவாதி. கையில் ஒரு குட்டிக் கத்தி. மண்டைக்குள் ஒரே ஒரு மந்திரம். அதையும் ஒரு தடவை சொல்லிவிட்டால் மறந்துபோய்விடும். தூங்கி எழுந்து, புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி மனப்பாடம் பண்ண வேண்டும். உடம்பில் உயிர்... மூணு பாயிண்ட். எதிரே இருட்டுச் சுரங்கத்தில் பூட்டிய மரப்பெட்டி. திறப்பீர்களா?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை 1981-ம் வருஷத்துப் புத்தகப்படி ஆடுகிறீர்கள் என்றால், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பூட்டில் விஷ ஊசி இருக்கலாம். விஷம் என்றால் இருபது முகப் பகடை ஒரே ஒரு உருட்டு. தேறினால் பிழைத்தீர்கள். தேறாவிட்டால் பாடைதான்.

2014-ம் வருஷத்துப் புத்தகம் என்றால் கதை வேறு. விஷம் ஏறினாலும் பெரும்பாலும் பாயிண்ட்தான் குறையும். பூஜ்யத்துக்கே போய்விட்டாலும் சட்டென்று சாவு வராது. மயங்கிக் கிடந்தபடியே ஒவ்வொரு சுற்றுக்கும் பகடை உருட்டலாம். 10-க்குக் கீழே மூணு தடவை விழுந்தால்தான் மேலே போவீர்கள்! பிழைத்துவிட்டால், எட்டு மணி நேரம் நல்ல தூக்கம் போட்டால் போதும், குறைந்ததெல்லாம் வட்டி இல்லாமல் திரும்ப வந்துவிடும். 1978-ல் வந்த புத்தகத்தின் கணக்குப்படி ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தால் ஒரு பாயிண்ட்!

'அட, இது என்ன ஆட்டம்?' என்று கேட்பவர்களுக்கு: நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அதில் ஒருவர் நடுவர். 'டன்ஜன் மாஸ்டர்' என்று பட்டம். காய் நகர்த்தக் கட்டம் போட்ட அட்டை இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் சொல்வார், 'எதிரே ஒரு கதவு, பின்னால் உறுமல் சத்தம்.' மற்றவர்கள், நான் இதைச் செய்கிறேன், நீ அதைச் செய் என்று சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடை. அவ்வளவுதான்.

1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் இருந்து இது வெளியானது. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கேரி கைகாக்ஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். (ஆபீஸ்காரர்களை லேசாக எடை போடாதீர்கள்!) இன்னொருவர் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெஸன். ஒரு பெட்டியில் மூணு குட்டிப் புத்தகம், விலை பத்து டாலர், முதலில் அடித்தது ஆயிரம் பிரதிகள். பிற்பாடு இருவருக்கும் ராயல்டி தகராறு வந்து 1979-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அது தனிக்கதை.

அந்த மூணு புத்தகத்தில் முக்கால்வாசி விஷயம் சொல்லவே இல்லை. கயிற்றில் தொங்கியபடி பூதத்தை எட்டி உதைக்க முடியுமா? புத்தகம் வாய் திறக்காது. நடுவர் தாடையைச் சொறிந்து, 'சரி, ஆறு முகப் பகடையை உருட்டு. ரெண்டுக்குள் விழுந்தால் முடியும்' என்பார். சர்வீஸ் ரூல்ஸே இல்லாத ஆபீஸ் மாதிரி. மேனேஜர் தங்கமானவர் என்றால் சொர்க்கம். சிடுமூஞ்சி என்றால்... உங்களுக்குத் தெரியாததா?

'பழைய ஆட்டம் வெறும் வெட்டுக்குத்து, புதுசுதான் கதை, நடிப்பு' என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 1981 புத்தகத்தில் போர்வீரன் இரண்டாவது லெவலுக்குப் போக 2,000 பாயிண்ட் வேண்டும். ஒரு காப்ளினை (குட்டிச்சாத்தான் சைஸில் ஒரு குள்ளப் பிசாசு) கொன்றால் கிடைப்பது 5. ஆக, தனியாளாக 400 காப்ளின்! ஆனால் ஒரு தங்கக் காசைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் அதற்கு ஒரு பாயிண்ட். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? சண்டையே போடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பூதங்களும் பார்த்தவுடன் பாய்வதில்லை. அவற்றின் மூடு எப்படி என்பதற்கே பகடை உண்டு. பேசலாம், லஞ்சம் கொடுக்கலாம். இரண்டு பேர் செத்தால் மீதி பூதங்கள் ஓடிப்போகுமா என்பதற்கும் பகடை. 2014-ல் அதே லெவலுக்கு 300 பாயிண்ட் போதும். ஒரு காப்ளினுக்கு 50. ஆறே ஆறு காப்ளின், கணக்கு முடிந்தது! இதில் எது வெட்டுக்குத்து என்று நீங்களே சொல்லுங்கள் ஸார்.

சரி, 'பழசு', 'புதுசு' என்று கோடு எங்கே கிழிப்பது? பல பேர் 2000-த்தில் வந்த மூன்றாம் பதிப்பில் கிழிப்பார்கள். நான் 1975-லேயே கிழிப்பேன். அந்த வருஷம் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்புப் புத்தகத்தில் 'திருடன்' என்ற பாத்திரம் நுழைந்தான். அதுவரை பொறி இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லித் தேடலாம்: 'கழியால் தரையைத் தட்டுகிறேன்', 'தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறேன்'. திருடன் வந்ததும் அது அவனுடைய டிபார்ட்மெண்ட் ஆகிவிட்டது. தாளில் சதவீதம் எழுதியாச்சு. அதுவும் எவ்வளவு? 1981-ல் முதல் லெவல் திருடன் பூட்டைத் திறக்க வாய்ப்பு நூற்றுக்கு 15. பொறியைக் கண்டுபிடிக்க 10. இவர் தொழிலே அதுதான்!

அங்கிருந்துதான் விஷயம் ஆட்டக்காரர் தலையிலிருந்து மெல்ல மெல்லத் தாளுக்கு இறங்கியது. ஊருக்கு ஊர் ஒவ்வொரு நடுவர் ஒவ்வொரு தீர்ப்பு சொன்னால் போட்டி நடத்த முடியாதே! 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் மூணு தடித்தடிப் புத்தகம் போட்டார். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து குடித்தால் என்ன ஆகும் என்பதற்குக்கூட அதில் ஒரு அட்டவணை. (நேரம் சரியில்லை என்றால் வெடிக்கும்.) 2000-த்தில் வந்த பதிப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. கதவுக்கு ஒரு பகடை, திருட்டுக்கு ஒரு பகடை என்ற குழப்பத்தை ஒழித்து, எல்லாவற்றுக்கும் இருபது முகப் பகடை, கூட்டித் தொகை பெரிதாக வந்தால் ஜெயம் என்றது. ஆனால் எதிராளியைக் கட்டிப்பிடித்து மடக்க மட்டும் நாலு கட்டம் தாண்ட வேண்டும். ரேஷன் கார்டு வாங்குவது சுலபம்!

புது விதிக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பழைய கட்சிக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை. நடுவர் தீர்ப்புதான் எல்லாம் என்றால், யார் ஜெயிப்பார்? வாய்ச்சாமர்த்தியம் உள்ளவர்! கூச்ச சுபாவி, திக்குவாய்க்காரர், அன்றைக்குத்தான் புதுசாக வந்து மூலையில் உட்கார்ந்த பெண், இவர்கள் சொல்வது எடுபடாது. தாளில் 'பேச்சுத்திறன் +5' என்று எழுதியிருந்தால் அந்த எண் இவர்களுக்காகப் பேசும். ஆபீஸில் சத்தமாகப் பேசுகிறவனுக்கே பிரமோஷன் போவதைப் பார்த்தவர்களுக்கு, விதிப்புத்தகம் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சாவுக்கும் பேப்பர் வேலைக்கும் சம்பந்தம் உண்டு. பழைய முறையில் மூணு பகடையை ஆறு தடவை உருட்டி, வந்ததை வந்தபடி எழுதினால் ஆள் ரெடி. பத்து நிமிஷம். செத்தால் இன்னொருத்தன். இப்போதோ இனம், தொழில், பூர்வீகம், குணதோஷம் என்று ஜாதகமே எழுதியாக வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதிய ஆளை ஒரு விஷ ஊசியில் கொன்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

இருந்தாலும் என் ஓட்டு பழசுக்குத்தான், நடுவர் யோக்கியமானவர் என்ற ஒரே நிபந்தனையோடு. மூணு பாயிண்ட் உயிரோடு பெட்டியை வெறித்துப் பார்க்கும் அந்த நிமிஷத்தில் மண்டை வேலை செய்கிற மாதிரி, தாளைப் பார்த்து '+5' என்னும்போது செய்வதில்லை.

என் கட்சியில் ஆள் இல்லாமல் இல்லை. 2019-ல் 'ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' என்று 1981 விதிகளையே துடைத்து அடுக்கி மறுபடி போட்டார்கள். 2023-ல் 'ஷேடோடார்க்' என்ற ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்களே முன்பணமாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அதில் கூட்டல் எல்லாம் புது முறை, பயம் மட்டும் பழசு. தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும்; ஆட்டத்து மணி இல்லை, உங்கள் கைக்கடிகாரத்து மணி! பேசிக்கொண்டே இருந்தால் இருட்டிவிடும்.

அந்தப் பத்தடிக் கழி விலையைச் சொல்ல மறக்கக் கூடாது. 1981 புத்தகத்தில் ஒரு தங்கக் காசு. 2014 புத்தகத்தில் ஐந்து செப்புக் காசு. ஒரு தங்கத்துக்கு நூறு செப்பு. முப்பத்து மூணு வருஷத்தில் இருபதில் ஒரு பங்காக விலை இறங்கிய சரக்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்!