பிள்ளை பெற்ற தாய்க்குச் சிக்கனமாய் ஓர் உடைத் திட்டம்

நம் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றாள் என்ற நற்செய்தி வந்தவுடன் எத்தனையோ ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. வளைகாப்புக்கு நாள் பார்க்கிறோம். மருத்துவச் செலவுக்குச் சீட்டுப் பணம் எடுக்கிறோம். தொட்டிலுக்குக் கயிறும் கொக்கியும் தேடுகிறோம். பிறக்கப் போகும் குழந்தைக்குச் சட்டையும் குல்லாயும் வாங்கிக் குவிக்கிறோம். ஆனால், குழந்தையைப் பெற்றெடுத்த பின் அந்தத் தாய் எதை உடுத்துவாள் என்று எவரேனும் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கிறோமா? “பீரோ நிறையப் புடவை இருக்கிறதே!” என்ற ஒரே பதிலில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

நாமும் அவ்வாறே நினைத்திருந்தவர்தாம். அந்த நினைப்பு தவறென்று நமக்குக் கற்பித்தது ஒரு ரயில் பிரயாணம்.

எம் இல்லாள் தலைப்பிரசவத்துக்காகத் திருவண்ணாமலையிலுள்ள தாய்வீட்டுக்குச் சென்றிருந்தாள். ஐந்தாம் மாதம் குழந்தையுடன் பாகாலாவுக்கு அழைத்து வர நாமே போயிருந்தோம். குழந்தையோடு முதன்முதல் வீட்டில் காலடி வைப்பவள் கௌரவமாய் வர வேண்டும் என்ற ஆசையால், 8,500 ரூபாயில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, அதனையே உடுத்தி வருமாறு வற்புறுத்தினோம். ரவிக்கையோ, திருமணத்தின்போது தைத்தது. முதுகுப் புறம் கொக்கி வைத்தது. பெரும்பாடு பட்டுப் பூட்டியது.

போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம் வரை குழந்தை உறங்கிற்று. வேலூர் கண்டோன்மென்டில் விழித்துக் கொண்டு பாலுக்கு அழத் தொடங்கிற்று. வண்டி நிறையக் கூட்டம். அத்தனை பேர் நடுவில் முதுகுக் கொக்கியை அவிழ்த்து, இறுகிய ரவிக்கையைத் தளர்த்திப் பால் கொடுப்பது எங்ஙனம்? காட்பாடி சென்றது, சித்தூரும் நெருங்கிற்று, அழுகை நிற்கவில்லை. எதிரில் அமர்ந்திருந்த ஒரு தெலுங்கு மூதாட்டி எழுந்து வந்தார். தம் தோளில் கிடந்த பழைய நூல் துப்பட்டியை விரித்துத் தாயையும் சேயையும் மூடினார். பின்புறக் கொக்கிகளைத் தாமே அவிழ்த்துவிட்டார். குழந்தை பால் குடித்து அடங்கிற்று. அதன் பின்னர் அம்மூதாட்டி எம்மை நோக்கிய பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை.

அன்றிரவு இல்லாளுக்கு மார்பில் கட்டி போலத் தடித்து, குளிர்சுரமும் வந்தது. மறுநாள் பார்த்த மருத்துவர், பால் வெளியேறாமல் தேங்கியதே காரணம் என்றும், இறுக்கமான ஆடை அதனை அதிகப்படுத்தும் என்றும் சொன்னார். தக்க மருந்தும் கொடுத்தார். பால் கொடுப்பதை நிறுத்தலாகாது என்றும் எச்சரித்தார். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புடவை செய்யாத உபகாரத்தை ஒரு கிழிந்த துப்பட்டி செய்தது. இது பற்றி ஆர அமர யோசித்துக் கணக்குப் போட்டதன் பயனே இக்கட்டுரை. வீட்டுப் பெண்மணிகள் பலரைக் கேட்டறிந்து எழுதுகிறோம்.

உடம்பு சொல்லும் கணக்கு

முதலில் உடம்பின் நிலையை உணர வேண்டும். பிரசவம் ஆனவுடன் வயிறு பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. கருப்பை சுருங்கித் தன் இயல்பான அளவை அடைய ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். உதிரப்போக்கும் நான்கு முதல் ஆறு வாரம் வரை சிறிது சிறிதாக இருக்கும். பிரசவித்த மூன்றாம், நான்காம் நாளில் பால் பெருகி மார்பு கனக்கும். பின்னர்க் குழந்தை குடிக்கும் அளவுக்குத் தக்கபடி சீர்ப்படும். உடல் எடையோ பல மாதங்களில் மெள்ள மெள்ளவே குறையும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? பிரசவித்த முதல் வாரத்தில் எடுத்த அளவுக்குப் புதிய ரவிக்கை தைப்பது வீண். கருவுறுவதற்கு முன் தைத்த ரவிக்கைகளை நம்பியிருப்பதும் வீண். முதல் ஆறு வாரம் தொளதொளப்பான உடையே போதும். அதன் பின்னர் அளவெடுத்துத் தைக்கலாம். அதுவும் உள்ளே மடிப்புத் துணி தாராளமாக விட்டுத் தைத்தல் வேண்டும். பின்னால் பிடிக்கவும் பிரிக்கவும் இடம் இருக்கும்.

நிற்க. இங்கே நம் முன்னோர் நமக்குத் தந்த ஒரு பெரும் செல்வத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவே புடவை. தைக்காத துணிக்கு அளவு ஏது? ஐந்தரை மீட்டர்ப் புடவை மெலிந்தவளுக்கும் பொருந்தும், பருத்தவளுக்கும் பொருந்தும், நிறைமாதத்திலும் பொருந்தும், பிள்ளை பெற்ற பின்னும் பொருந்தும். முந்தானையே பால் கொடுக்கும்போது திரையாகிறது, குழந்தைக்குப் போர்வையாகிறது, பழசானால் தூளியாகிறது. மேல்நாட்டுப் பெண்களுக்குக் கவுன் முதற்கொண்டு யாவும் அளவுக்குட்பட்டவை. நமக்கோ அளவுக்குட்பட்டவை ரவிக்கையும் உள்ளாடையுமே. ஆகவே புதுப் புடவைக்குச் செலவிடுவது அநாவசியம். செலவு முழுவதையும் தையல் உடைகளில் செலுத்துவதே அறிவுடைமை.

எத்தனை வேண்டும்?

“உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பெட்டியில் ஒன்று” என்பதே எம் விதி. எந்த உடையும் மூன்று இருந்தால் முடை இராது. ஆனால் ரவிக்கை பாலில் நனையும். ஒரு நாளில் இருமுறை மாற்ற நேரும். ஆதலின் அதனை மட்டும் ஐந்தாறாக வைத்துக் கொள்ள வேண்டும். நம் வீட்டில் இரண்டாம் குழந்தையின்போது பாகாலா விலையில் ஆன கணக்கைக் கீழே தருகிறோம். ஊருக்கு ஊர் விலை சிறிது ஏறலாம், இறங்கலாம்.

முன்புறம் ஜிப் வைத்த நூல் நைட்டி மூன்று, ஒன்று 300 ரூபாய் வீதம் 900 ரூபாய். பழைய ரவிக்கை நான்கினைப் பிரித்து அகலமாக்கத் தையற்கூலி ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் 160 ரூபாய். முன் கொக்கி வைத்த புது ரவிக்கை இரண்டு, துணி 100, கூலி 150 ஆக ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 500 ரூபாய். உள்பாவாடை இரண்டு, 150 வீதம் 300 ரூபாய். பால் கொடுப்பதற்கென்றே முன்புறம் திறக்கும் வகையிலுள்ள உள்ளாடை மூன்று, 250 வீதம் 750 ரூபாய். மெல்லிய நூல் துப்பட்டா ஒன்று 150 ரூபாய். ஆக மொத்தம் 2,760 ரூபாய்.

முன்னர்ச் சொன்ன பட்டுப்புடவையின் விலையில் இது மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. இதனையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஏழாம் மாதத்தில் நைட்டி. ஒன்பதாம் மாதத்தில் பாவாடையும் துப்பட்டாவும். ரவிக்கையும் உள்ளாடையும் பிரசவத்திற்குப் பின். இவ்வாறு மூன்று சம்பளத்தில் பங்கிட்டால் கடன் வாங்க நேராது.

துணி தேர்தல்

துணி நூலாகவே இருத்தல் வேண்டும். நம் சித்தூர், திருப்பதிப் பக்கத்து வெயிலில் பாலியெஸ்டர் உடுத்தினால் வியர்வை உறிஞ்சப்படாமல் தாய்க்கு வேர்க்குரு காணும். அவள் மேல் சாய்ந்திருக்கும் பிள்ளைக்கும் காணும். சரிகையும் ஜமிக்கியும் குழந்தையின் கன்னத்தைக் கீறும். முந்தானையை நிறுத்த ஊக்குக் குத்துவதையும் இந்நாட்களில் தவிர்ப்பதே நலம்.

விலை மலிந்த நூல் துணிக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் புத்தூர், அதனை அடுத்து நகரிக்கு இறங்கும் ஏகாம்பரகுப்பம். நகரியும் அதன் சுற்றுப்புறமும் விசைத்தறிக்குப் பேர் போனவை. தமிழ் பேசும் நெசவாளர் குடும்பங்கள் அங்கே மிகுதி. நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒருவர் போய் வந்தால் போக்குவரத்துச் செலவும் பங்காகிவிடும். வாங்கிய துணியை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து உலர்த்திய பின்னரே தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிடில் முதல் வெளுப்பிலேயே சுருங்கிவிடும்.

ரவிக்கைக்கு வெளிர் நிறம் வேண்டா. பூப்போட்ட துணியிலும் அடர்ந்த நிறத்திலும் பால் கறை தோன்றாது. கறை பட்டால் முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். பழைய வேட்டித் துண்டை வட்டமாக வெட்டி நான்கு மடிப்பாகத் தைத்து உள்ளே வைத்துக் கொண்டால், கடையில் விற்கும் பஞ்சு வட்டுகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நனைந்ததை உடனுக்குடன் மாற்றி, வெயிலில் உலர்த்துவது மட்டும் முக்கியம்.

இங்குள்ள தையற்காரர்களிடம் தமிழில் சொல்லத் தயங்கும் சகோதரிகள் உண்டு. அச்சம் வேண்டா. நம் ரவிக்கையே தெலுங்கில் ‘ரவிக’. கொக்கி முன்புறம் வர வேண்டும், உள்ளே துணி மிச்சம் விட வேண்டும் என்ற இரண்டையும் மாதிரி ரவிக்கை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டால் போதும்.

செய்யத் தகாதவை

வயிறு உள்ளடங்க வேண்டுமென்று பழைய புடவையை இறுக்கிக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதமாய்ச் சுற்றுவதில் பெரும் தீங்கில்லை. மூச்சு முட்ட இறுக்குவதால் நன்மையில்லை. அறுவைப் பிரசவம் ஆனவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் கட்டலாகாது. பாவாடை நாடாவும் அத்தகையதே. மெல்லிய கயிறு நாடா ஒரே இடத்தில் இறுகி அழுந்தினால் தோல் கறுத்துப் புண்ணாகும். தையல் போட்ட இடத்தில் பட்டால் வேதனை சொல்லி முடியாது. அகலமான பட்டை நாடா வைத்து, தழும்புக்கு மேலே தளரக் கட்டுவதே முறை.

குழந்தையின் உடையிலும் சிக்கனம் வேண்டும். பிறந்த குழந்தையின் எடை ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். பிறந்த அளவுக்கு ஒரு டஜன் சட்டை வாங்குவோர் அவற்றில் பாதியை மடிப்புக் கலையாமலே பிறருக்குக் கொடுக்க நேர்கிறது. அந்தப் பணத்தில் தாய்க்கு இரண்டு ரவிக்கை வரும்.

பிற இடங்களில் செய்தது

இது தனிக் குடும்பத்தின் கவலை மட்டுமன்று. பின்லாந்து நாட்டில் 1938-ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மாருக்கு அரசாங்கமே ஒரு பெட்டி நிறையக் குழந்தைத் துணிகளை வழங்கிற்று. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அது விரிவாயிற்று. பெட்டியே குழந்தைக்குப் படுக்கையும் ஆகும். பெட்டி வேண்டுவோர் கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று விதித்தது நுட்பமான ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தொடங்கப்பட்டது. குழந்தைக்கு உடை, துவாலை, கொசுவலை முதலியவற்றோடு தாய்க்குச் சோப்பும் சுண்டி லேகியமும் அதில் இடம் பெற்றன. தெலங்கானாவில் 2017-இல் தொடங்கிய பெட்டகத்திலோ தாய்க்குப் புடவையும் வைத்தனர். தாயையும் ஒரு மனுஷியாக நினைத்த அந்த எண்ணம் போற்றத் தக்கது.

2015-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறைகள் திறக்கப்பட்டன. ஆயினும் ஓடும் வண்டியில் எந்த அறை வரும்? அங்கே தாய்க்குத் துணை அவள் உடுத்திய உடையே. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே உணவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் ரயில்வேயில் பணி புரியும் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 180 நாள் என்பதும் அந்தக் காலத்தோடு ஒட்டியே வருகிறது. அந்த ஆறு மாதமும் தடையின்றிப் பால் கிடைக்க வேண்டுமானால், முன்புறம் நான்கு கொக்கி வேண்டும். அவ்வளவே!

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, வேளைக்கு வந்து பார்க்கும் அத்தையும் பாட்டியும் அடுத்த தெருவில் இல்லை. தாய்வீட்டில் “அம்மா, இது பிடிக்கிறது” என்று சொல்லும் பெண், இங்கே வந்த பின் கணவனிடத்தும் மாமியாரிடத்தும் அதனைச் சொல்லக் கூசுகிறாள். ரவிக்கை சேரவில்லை என்பதை வெளியிட வெட்கி, உறவினர் வீட்டு விசேஷத்திற்கு வராமல் நின்றுவிடுகிறாள். தலைவலி என்று காரணம் சொல்கிறாள். காணிப்பாக்கம் கோயிலுக்குக் கூட வர மறுத்தவர்களை நாம் அறிவோம். அதனைச் சோம்பல் என்றும் செருக்கு என்றும் கருதுவது நம் அறியாமை. ஆகவே அவள் கேட்கும் வரை காத்திராமல் நாமே கேட்டறிதல் வேண்டும்.

வளைகாப்புக்குப் புடவை எடுக்கும் உறவினர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பட்டுக்குப் பதில் இரண்டு நைட்டியும் ஒரு துப்பட்டாவும், தையற்கூலிக்கு ஒரு கவரும் வைத்துக் கொடுங்கள். தட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அது எடுப்பாக இராது. ஆனால் நள்ளிரவில் பிள்ளை அழும்போது அதன் அருமை தெரியும்.

எம் இல்லாள் அந்தப் பட்டுப்புடவையை மீண்டும் உடுத்தினாள், குழந்தை பால் மறந்த பின்னர். புடவை நன்றாகவே இருந்தது. அதனை வாங்கிய காலந்தான் தவறு. இப்போது எங்கே பிரயாணம் புறப்பட்டாலும் எம் பையில் ஒரு பழைய நூல் துப்பட்டி இருக்கும். எதிரில் யாருடைய குழந்தை அழும் என்று யார் கண்டார்?