உங்க ஹீரோவும் உங்களை மாதிரியே பேசறாரா?

கதை எழுதறது பிடிக்குமா பாஸ்? அப்படின்னா ஒரு சின்ன டெஸ்ட். கடைசியா நீங்க எழுதின கதையை எடுங்க. வசனங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பேரையெல்லாம் மறைச்சுட்டுப் படிங்க. யார் பேசறாங்கன்னு தெரியுதா? தெரியலைன்னா, நீங்களும் நம்ம கட்சி!

போன வருஷம் ஒரு போட்டிக்காக என் தாத்தாவைப் பத்திக் கதை எழுதினேன். கடைமடை விவசாயி. படிச்சுப் பார்த்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க... ‘‘இது தாத்தா பேசறதா, நீ பேசறதா?’’

ஷாக்! தாத்தா இப்ப இல்லை. அவர் எப்படிப் பேசுவார்னு யோசிச்சா, முழுசா ஒரு வாக்கியம்கூட ஞாபகத்துக்கு வரலை. அந்த உறுத்தல்ல ஆரம்பிச்ச பயிற்சிகள்தான் இவை. செலவு, ஒரு நோட்டு மட்டும்!

பஸ் பாடம்

1879-ல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’தான் தமிழின் முதல் நாவல். எழுதின வேதநாயகம் பிள்ளை, மாயவரத்துல முன்சீஃபா இருந்தவர். நாள் பூரா அடுத்தவங்க வழக்கைக் கேட்கிற வேலை. கேட்கத் தெரிஞ்சாதான் எழுத வரும்போல!

நமக்குக் கோர்ட் வேண்டாம், கும்பகோணம் பஸ் போதும். ஏறினதும் இயர்போனைக் கழட்டிடுங்க. காதுல விழற பத்து வரியை, இறங்கினதும் அப்படியே எழுதுங்க. இலக்கணம் திருத்தாதீங்க. யாரோட பேரும் அடையாளமும் வேண்டாம். நமக்குத் தேவை பேச்சோட நடை மட்டும்தான்.

ஒரு சேதி, நாலு வாய்

மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. திறந்தாலும் கடைமடைக்கு வந்துசேர நாளாகும். ‘வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரலை’ – இந்த ஒரு சேதியை நாலு பேர் சொல்லணும். விவசாயி தண்ணியைப் பத்தியே பேச மாட்டார். ‘‘நாத்து பழுத்துப்போவுது தம்பி’’ம்பார். ஷட்டரைப் பார்த்துக்கற லஸ்கர், ‘‘மேலேர்ந்து விட்டாதானே சார்?’’னு கையை விரிப்பார். கடன் கொடுத்தவர், ‘‘இந்த வருஷமும் அப்படித்தானா?’’ம்பார். லீவுக்கு வந்த பேரன், ‘‘அப்ப குளிக்க முடியாதா?’’ம்பான். சேதி ஒண்ணு, கவலை நாலு. அவங்கவங்க கவலைதான் அவங்கவங்க வசனம்!

இதுல கில்லாடி, நம்ம பக்கத்துப் புத்தமங்கலத்துல 1899-ல் பிறந்த கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ல ஆழ்வார்க்கடியான் அறிமுகத்தைப் பாருங்க. ஒரு சைவரோடயும் அத்வைதியோடயும் அவனை வாதத்துக்கு இறக்கிவிட்டுடறார். பேரை மறைச்சாலும் ஆள் தெரிஞ்சுடும்!

லேட்டா வந்தவர்

ஐப்பசி கடைசி நாள், மயிலாடுதுறையில கடைமுழுக்கு. அதுக்குள்ள நடந்து வந்துசேர முடியாத ஒருத்தருக்காக, மறுநாள் கார்த்திகை 1-லயும் அதே பலனைச் சிவன் கொடுத்தார்ங்கறது ஐதீகம். அதான் முடவன் முழுக்கு.

இப்ப பயிற்சி... துலாக்கட்டத்துலேர்ந்து கூட்டம் திரும்பிக்கிட்டு இருக்கு. எதிரே அவர் வர்றார். திரும்பிப் போற ஒருத்தர்கிட்ட என்ன கேட்பார்? ஆறே வரி. ‘வருத்தமா இருக்கு’ன்னு மட்டும் எழுதக் கூடாது!

நான் எழுதினதுல அவர் கேட்டது இதுதான்: ‘‘படி ரொம்ப வழுக்குதா தம்பி?’’

நோட்டைப் படிச்ச அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ‘‘தாத்தா இப்படித்தான்டா கேட்பார்’’னாங்க.

உங்க வீட்லயும் அப்படி ஒரு குரல் இருக்கும். இன்னிக்கு ராத்திரியே பக்கத்துல போய் உட்காருங்க. எழுதறது அப்புறம்... முதல்ல கேளுங்க!