இணையத்தில் திருட்டுப் படங்களும் பதிப்புரிமைத் தடைகளும்

உரிமையாளரின் இசைவின்றி ஒரு திரைப்படத்தைப் படியெடுத்து இணையத்தில் பரப்புவது இணையத் திரைப்படத் திருட்டு எனப்படும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இது குற்றம். பேச்சு வழக்கில் இதைக் காப்புரிமை என்றும் சொல்வர். கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் காப்புரிமம் வேறு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் முதலில் திருட்டு விசிடியாகத்தான் வந்தது. முன்பெல்லாம் புதுப்படம் திருச்சியில் ஓடி முடித்த பிறகே முசிறி போன்ற ஊர்களுக்குப் படப்பெட்டி வரும். அந்தக் காத்திருப்பே திருட்டு விசிடிக்குச் சந்தையானது. 2004இல் மாநில அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு விசிடிக்காரர்களையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

கடையில் விசிடி விற்பவரைக் காவலர் நேரில் பிடிக்கலாம். இணையதளத்தை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது. எனவே தயாரிப்பாளர்கள், பெயர் தெரியாதவர்களை எதிர்த்தரப்பாகக் காட்டிப் பெறும் 'ஜான் டோ' ஆணைகளை நாடினர். 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஆணை பிறப்பித்தது. அதைக் காரணம் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் பைரேட் பே தளத்துடன் விமியோவையும் முழுவதுமாக முடக்கின. விமியோவோ இளைஞர்கள் தாங்கள் எடுத்த குறும்படங்களை ஏற்றி வைக்கும் தளம். திருடனைத் தேடித் தெருவையே பூட்டிய கதைதான். குறிப்பிட்ட படம் உள்ள பக்க முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2018 நவம்பரில் '2.0' வெளியாவதற்கு முதல் நாள், 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்குமாறு 37 சேவை நிறுவனங்களுக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் படம் வெளியான அன்றே இணையத்தில் கசிந்தது. காரணம் எளியது. இணைய முகவரி என்பது கடையின் பெயர்ப்பலகை மட்டுமே. சரக்கு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ராக்கர்ஸ் போன்ற தளங்கள் முகவரியின் கடைசிப் பகுதியை மாற்றிக்கொண்டு மறுபடி வந்துவிடும். 2019 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. முடக்கிய தளம் புதுப் பெயரில் வந்தால், தனி வழக்குத் தொடராமலே அம்முகவரியையும் அதே ஆணையில் சேர்க்கலாம் என்றது.

தடைகளால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2012இல் பைரேட் பே மட்டும் தடுக்கப்பட்டபோது பயனர்கள் வேறு திருட்டுத் தளங்களுக்கு மாறினர். 2013இல் 19 தளங்களும், 2014இல் 53 தளங்களும் ஒருசேரத் தடுக்கப்பட்டபோது, முறையான கட்டணத் தளங்களைப் பயன்படுத்துவது கூடியதைக் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மாறிச் செல்லும் அலைச்சல் கூடினால்தான் தடை வேலை செய்கிறது. பணம் கொடுத்துப் பார்க்க முறையான வழியும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், திரையரங்கில் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை உயரலாம். படத்தை வெறுமனே பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2016இல் விளக்கியிருந்தது. ஆனால் அதே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், அது பார்ப்பதல்ல, பரப்புவது.